தராசடியில் ஒரு மைக்: மூடை நிறையை உலாவியில் குரலால் பதிவது

முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானில் சித்தப்பா நெல் வாங்கி மில்லுகளுக்கு அனுப்புகிறார். காலபோக (மாரிகால நெல்) அறுவடை தொடங்கினால் முற்றத்தில் உழவு இயந்திரப் பெட்டிகள் காலையிலேயே வரிசைக்கு வந்துவிடும். தராசடியில் மூன்று பேர் வேண்டும். மூடையைத் தூக்கி வைக்க ஒருவர், தராசில் தெரியும் எண்ணைச் சத்தமாகச் சொல்ல ஒருவர், கொப்பியில் எழுத ஒருவர். எழுதுகிற ஆளை மூடை அடுக்க விட்டால் எவ்வளவு உதவி என்று சித்தப்பா அடிக்கடி சொல்வார். சொல்லப்படும் நிறையை மடிக்கணினியே கேட்டு எழுதினால் என்ன என்று தொடங்கிய வேலை இது. போகத்தின் பிற்பகுதியில் ஒழுங்காக ஓடியது. கொப்பியை முற்றாக விடவில்லை. முன்போல மூடைக்கு மூடை எழுதாமல் ஆளின் பெயரையும் மூடை எண்ணிக்கையையும் மட்டும் எழுதுகிறோம்.

தராசிலிருந்தே நேராக எண்ணை எடுக்கலாமே என்று கேட்பீர்கள். எடுக்கலாம். எங்கள் தராசில் கம்பி செருகும் இடம் எதுவும் இல்லை. அப்படி ஒரு தராசு வாங்கக் காசு இருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இல்லை.

குரோம் உலாவியில் பேச்சை எழுத்தாக்கும் வசதி 2013 முதலே இருக்கிறது. பக்கத்தின் நிரலில் ஸ்பீச் ரெக்கக்னிஷன் என்ற பொருளை (ஆப்ஜெக்ட்) உருவாக்கி, மொழியைச் சொல்லி, ஸ்டார்ட் கொடுத்தால் போதும். பெயருக்கு முன்னால் வெப்கிட் என்ற ஒட்டுப் போட வேண்டும், அவ்வளவுதான். தமிழுக்கு இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என நான்கு மொழிக்குறிகள் உண்டு. நான் தமிழ்–இலங்கை வைத்தேன். இந்தியாவை மாற்றி வைத்தும் பார்த்தேன், எண்களைப் பொறுத்தவரை எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. முக்கியமாகத் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று: குரோம் இந்த வேலையைப் பெரும்பாலும் உங்கள் கணினியில் செய்வதில்லை. ஒலி கூகுளின் சேவையகத்துக்குப் போய்த்தான் எழுத்தாகத் திரும்பி வருகிறது. அதனால் இணையம் வேண்டும். அதனாலேயே விவசாயிகளின் பெயரையோ அடையாள அட்டை இலக்கத்தையோ குரலில் சொல்ல வைக்கவில்லை. பெயர் தட்டச்சில், நிறை மட்டும் குரலில்.

முதலில் கைப்பேசியில்தான் தொடங்கினேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கதைக்கலாம் என்ற ஆசை. ஆண்ட்ராய்டில் இரண்டு தொல்லைகள். கேட்கத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் ‘டிங்’ என்று ஒரு சத்தம். அது பரவாயில்லை. இன்னும் சொல்லி முடிக்காத பாதிச் சொற்களுக்கும் ‘இறுதி’ என்ற முத்திரை குத்தி அனுப்புகிறது என்பதுதான் பெரிய தொல்லை. ஒரு மூடைக்கு மூன்று வரிகள் விழுந்தன. அந்தப் பொய் இறுதிகளில் நம்பிக்கை மதிப்பு, அதாவது எவ்வளவு உறுதியாகக் கேட்டது என்று உலாவி தரும் எண், பூச்சியமாக வருவதைப் பார்த்து வடிகட்டலாம். அப்படியும் செய்து பார்த்துவிட்டு, அந்த ‘டிங்’கைத் தராசடியில் இருப்பவர் தனக்கான சைகை என்று நினைத்துக் காத்திருக்கத் தொடங்கியதும் மடிக்கணினிக்கு மாறிவிட்டேன்.

மைக்கைப் பற்றிக் கொஞ்சம். மடிக்கணினிக்குள் இருக்கும் மைக்குக்கு முற்றம் முழுவதும் கேட்கும், உழவு இயந்திரம் உட்பட. அதனால் சட்டையில் குத்தும் சின்ன மைக் ஒன்று வாங்கினேன், 1,800 ரூபா. செருகியில் மூன்று கறுப்பு வளையம் இருக்கிறதா, இரண்டா என்று கடையிலேயே பாருங்கள். மூன்று வளையம் என்றால் கைப்பேசி, புதிய மடிக்கணினி ஆகியவற்றின் ஒற்றைத் துளைக்குச் சரி. மைக்குக்கும் ஹெட்போனுக்கும் தனித்தனித் துளை உள்ள பழைய கணினிக்கு இரண்டு வளையச் செருகி வேண்டும், அல்லது பிரிக்கும் வயர் வேண்டும். மூன்று மீற்றர் நீட்டு வயர் 650 ரூபா. மைக்கின் பஞ்சுத் தொப்பிக்கு மேலே பழைய பருத்தித் துணி ஒரு சுற்று. காற்றைவிட நெல் சுணைக்காகத்தான் அது தேவைப்பட்டது. அந்தத் துணியை மாலையில் உதறினால் எவ்வளவு தூசி மைக்குக்குள் போயிருக்கும் என்று தெரியும். வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் மைக் இருந்தால் முற்றத்துச் சத்தம் கிட்டத்தட்டப் பிரச்சினையே இல்லை.

இந்த வேலைக்கான இணையப் பக்கத்தை ஒரே கோப்பாக எழுதினேன். கோப்பை இருமுறை சொடுக்கித் திறந்தால், மைக்கைப் பாவிக்கலாமா என்று உலாவி ஒவ்வொரு தடவையும் கேட்கும். பாதுகாப்பில்லாத இணைய முகவரியில் போட்டால் மைக்கையே தராது. அதே கணினியில் பைத்தன் நிரல்மொழியோடு வரும் சின்ன சேர்வரை ஓட்டி லோக்கல்ஹோஸ்ட் முகவரியில் திறந்தால் ஒருமுறை அனுமதித்தது நினைவில் நிற்கும். அதோடு விட்டேன்.

ரிசல்ட் நிகழ்வுக்குள் என்ன வருகிறது

நேரம் விழுங்கிய இடம் இதுதான். நாம் கதைக்கும்போது உலாவி ‘ரிசல்ட்’ என்ற நிகழ்வை எழுப்பும். அதற்குள் ஒரு எழுத்துச் சரம் இருக்கும் என்று நினைத்தால் தொலைந்தோம். உள்ளே இருப்பது ஒரு பட்டியல், பெயர் ரிசல்ட்ஸ். அந்தப் பட்டியலின் ஒவ்வொரு உறுப்பும் இன்னொரு பட்டியல். ஒரே பேச்சுக்கு உலாவி ஊகித்த பல வடிவங்கள் அதற்குள் இருக்கும். ஒவ்வொரு வடிவத்துக்கும் டிரான்ஸ்கிரிப்ட் என்ற எழுத்தும் கான்ஃபிடன்ஸ் (நம்பிக்கை மதிப்பு) என்ற 0 முதல் 1 வரையான எண்ணும் உண்டு. வெளிப்பட்டியலின் உறுப்புக்கு, இது இறுதியா என்று சொல்ல இஸ்ஃபைனல் என்ற ஆம்/இல்லை. இவற்றோடு ரிசல்ட்இண்டெக்ஸ் என்று ஒரு எண் வரும். பட்டியலில் இந்த இடத்திலிருந்துதான் இம்முறை மாற்றம் என்பது அதன் பொருள்.

தொடர்ச்சியாகக் கேட்கும் கன்டினியுவஸ், இடைநிலை முடிவுகளைத் தரும் இன்டரிம்ரிசல்ட்ஸ் இரண்டையும் திறந்துவிட்டு ‘அறுபத்தேழு அரை’ என்று சொல்லி, வந்ததை எல்லாம் அச்சிட்டுப் பார்த்தேன். முதலில் 60. பிறகு அதே இடத்தில் 67. பிறகு 67 அரை. கடைசியாக இஸ்ஃபைனல் ஆம் என்று 67.5. முதல் எண்ணைக் கண்டவுடன் வரியைப் பதிந்தால் மூடைக்கு ஏழரைக் கிலோ போச்சு. அதனால் இடைநிலை எண் திரையில் சாம்பல் நிறத்தில் ஓடட்டும், பதிவது இறுதியை மட்டும் என்று வைத்தேன். சாம்பல் எண்ணையும் காட்டுவது வீண் அலங்காரம் இல்லை. சொல்பவர் தன் குரல் உள்ளே போகிறது என்று கண்ணால் பார்க்கிறார். இல்லாவிட்டால் இரண்டாம் தரம் சொல்லிவிடுவார், அதுவும் பதியும்.

பட்டியலை ஒவ்வொன்றாகப் படிக்கும் சுற்றை (லூப்) எப்போதும் ரிசல்ட்இண்டெக்ஸிலிருந்து தொடங்க வேண்டும். பூச்சியத்திலிருந்து தொடங்கினால் பழைய மூடைகள் எல்லாம் ஒவ்வொரு நிகழ்விலும் திரும்பப் பதியும்.

அடுத்த பொறி இதற்குப் பக்கத்திலேயே இருந்தது. பட்டியலில் உள்ள இட எண்ணையே மூடை எண்ணாக வைத்திருந்தேன். அழகாக வேலை செய்தது, உலாவி கேட்பதை நிறுத்தும் வரை. தொடர்ச்சியாகக் கேள் என்று சொன்னாலும் கொஞ்ச நேரத்தில், அதுவும் முற்றம் அமைதியாக இருந்தால் சீக்கிரமாகவே, அது ‘எண்ட்’ நிகழ்வை எழுப்பிவிட்டு நின்றுவிடும். நாம்தான் மறுபடி ஸ்டார்ட் கொடுக்க வேண்டும். மறுபடி தொடங்கியதும் பட்டியல் புதிது, எண்ணும் பூச்சியத்திலிருந்து. பத்தொன்பதாம் மூடை வந்து முதலாம் மூடையின் மேல் உட்கார்ந்தது. மொத்தம் குறைவதைக் கண்டு கொப்பியோடு ஒத்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. இப்போது மூடை எண் என்னுடைய பட்டியலின் நீளம், உலாவியின் எண்ணுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒவ்வொரு வரியும் பதிந்த கணமே லோக்கல் ஸ்டோரேஜில் (உலாவி தன்னிடமே சேமித்து வைக்கும் இடம்) எழுதப்படுகிறது. எண்ணோடு உலாவி தந்த மூல எழுத்தையும் நேரத்தையும் சேர்த்து வைக்கிறேன். பின்னால் ஏதாவது சண்டை வந்தால் என்ன கேட்டது, நான் என்னவாக மாற்றினேன் என்று இரண்டையும் பார்க்கலாம்.

மறுதொடக்கத்திலும் ஒரு விடயம். ‘எண்ட்’ வந்தவுடன் கண்ணை மூடிக்கொண்டு ஸ்டார்ட் கொடுத்தால், மைக் அனுமதி இல்லாத நேரத்தில் முடிவில்லாமல் சுற்றும். முதலில் ‘எரர்’ நிகழ்வில் என்ன வந்தது என்று பார்க்க வேண்டும். பேச்சே இல்லை என்றால் மறுபடி தொடங்கலாம். அனுமதி இல்லை, மைக் கிடைக்கவில்லை என்றால் நிறுத்திவிட்டுத் திரையில் சிவப்பாகச் சொல்ல வேண்டும். நெட்வேர்க் என்றால் சில விநாடி பொறுத்துத் தொடங்கலாம். எங்கள் முற்றத்தில் கைப்பேசி சிக்னல் கூரைக்குக் கீழே ஒரு கோடு, வேலியடியில் மூன்று கோடு. ஹொட்ஸ்பொட் கொடுக்கும் போனை வேலியடி வேம்பில் ஒரு பையில் கட்டித் தொங்கவிட்டதற்குப் பிறகு நெட்வேர்க் பிழை நாளுக்கு ஒன்றிரண்டாகக் குறைந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது ஸ்டார்ட் கொடுத்தால் உலாவி பிழை எறியும். ஓடுகிறதா இல்லையா என்று ஒரு மாறியில் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்திலிருந்து எண்ணுக்கு

உலாவி எப்போதும் 67 என்று இலக்கமாகத் தருவதில்லை. சில நேரம் ‘அறுபத்தி ஏழு’, சில நேரம் ‘அறுபத்தேழு’. சொல்கிற அண்ணை ஒன்றை ஒண்டு என்பார், மூன்றை மூண்டு என்பார், ஒன்பதை ஒம்பது என்பார். பத்தையும் ஒன்றையும் பிரித்துக் கூட்டும் விதியொன்றை எழுதப் போனேன். ‘அறுபத்தாறு’ என்பதற்குள் ‘ஆறு’ இருக்கிறதா என்று தேடினால் கணினி இல்லை என்கிறது. நமக்குக் காதில் ஆறு கேட்கிறது, அங்கே இருப்பது த் மேல் ஏறிய துணைக்கால். உயிரெழுத்து ஆ வேறு குறியீடு, துணைக்கால் வேறு குறியீடு. விதியை விட்டுவிட்டு 40 முதல் 89 வரை ஒவ்வொரு எண்ணுக்கும் எழுத்து வடிவம், பேச்சு வடிவம், பிரித்த வடிவம் என்று ஒரு அட்டவணையைத் தட்டச்சு செய்தேன். இரண்டு மணி நேர வேலைதான். விதியில் செலவழித்த நேரத்தை நினைத்தால் முதலில் இதையே எடுத்திருக்கலாம்.

அட்டவணை வந்த பிறகும் ஒரு விசித்திரம். ஐம்பத்தொன்று, அறுபத்தொன்று, அறுபத்தொன்பது, எழுபத்தொன்பது மட்டும் பொருந்தவில்லை. மற்றதெல்லாம் சரி. பார்த்தால் எல்லாவற்றிலும் ‘தொ’ இருக்கிறது. ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியீடாக, அல்லது ஒற்றைக் கொம்பும் துணைக்காலும் சேர்த்து இரண்டு குறியீடாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். என் விசைப்பலகை ஒரு விதம், உலாவியிலிருந்து வந்தது மற்ற விதம். ஒப்பிடுவதற்கு முன் இரண்டு பக்கத்தையும் நோர்மலைஸ் செய்து என்எஃப்சி வடிவுக்கு (ஒரே குறியீடாகச் சேர்த்த வடிவம்) கொண்டு வந்ததும் நான்கும் பொருந்தின. கூடவே ட்ரிம் செய்யவும் மறக்க வேண்டாம். தொடர் நிலையில் இரண்டாவது முடிவிலிருந்து எழுத்துக்கு முன்னால் ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டு வரும்.

அரை, கால், முக்கால் தனிக்கதை. தராசு எண் ஒரு கணம் ஆடும். அதனால் அண்ணை ‘அறுபத்தேழு…’ என்று இழுத்து, நின்று, ‘அரை’ என்பார். அந்த நிற்றலில் உலாவி முதல் பகுதியை இறுதியாக்கிவிடும். 67 ஒரு வரி, அரை வேறு வரி. முடிவு: இறுதி எண் வந்ததும் உடனே பதியாமல் இரண்டு விநாடி காத்திருக்கிறேன். அதற்குள் வெறும் அரை, கால், முக்கால் வந்தால் முன்னதோடு கூட்டு. ‘புள்ளி’ என்று தொடங்கினால் தசமமாக ஒட்டு. வேறு முழு எண் வந்தால் முதலாவதை உடனே பதிந்துவிட்டு இதற்குக் காத்திரு. மூடை மாற்றுவதற்கு எப்படியும் அதைவிட நேரம் எடுப்பதால் இந்தத் தாமதம் யாருக்கும் தெரியவில்லை.

கான்ஃபிடன்ஸ் எண்ணை நம்பி 0.8க்குக் கீழே உள்ளதை எல்லாம் தள்ளிப் பார்த்தேன். பயனில்லை. சரியான 72 குறைந்த மதிப்போடு வந்தது, பிழையான 60 உயர்ந்த மதிப்போடு வந்தது. மாற்று வடிவங்களைக் கேட்கும் மேக்ஸ்ஆல்டர்நேட்டிவ்ஸ் 5 என்று வைத்தால், முதலாவதைத் தவிர மற்றவற்றுக்கு மதிப்பு பூச்சியம். ஆனால் அந்த மாற்று வடிவங்கள்தான் கடைசியில் கை கொடுத்தன. முதல் வடிவம் எண்ணாக மாறாவிட்டால் இரண்டாவது, மூன்றாவது என்று பார்த்து, எண்ணாக மாறுவதும் 40க்கும் 85க்கும் இடையில் இருப்பதும் எதுவோ அதை எடுக்கிறேன். எங்கள் மூடை அந்த எல்லைக்கு வெளியே போவதில்லை. ‘அறுபத்தாறு’ ஏதோ ஊர்ப் பெயர் போல எழுதப்பட்டு வந்தாலும் மூன்றாம் இடத்தில் 66 இருக்கும். 6768 என்று நான்கு இலக்கம் சேர்ந்து வந்தால் இரண்டாகப் பிரிக்கிறேன். இரண்டு பாதியும் எல்லைக்குள் இருந்தால் இரண்டு மூடை. உலாவிக்கு முன்கூட்டியே சொற்பட்டியல் கொடுக்க ஒரு கிராமர் வசதி ஆவணங்களில் இருந்தது. குரோமில் அதைக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஒன்றுதான். வடிகட்டலை நமது பக்கத்தில்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

நெல் இனத்தையும் குரலால் சொல்ல வைக்கலாம் என்று சித்தப்பா விரும்பினார். ஆட்டக்காரி என்றால் ஒரு தரம் ஆட்டோக்காரி, ஒரு தரம் ஆட்டுக்கறி. கீரிச்சம்பா பரவாயில்லை. ஒரு ஆளின் பெட்டி முழுவதும் பெரும்பாலும் ஒரே இனம் என்பதால் அதைப் பொத்தானாக்கிவிட்டேன். ஆளுக்கு ஒருமுறை தட்டினால் போதும்.

அழிக்க ஒரு சொல்

பிழையாகப் பதிந்த கடைசி வரியை நீக்கக் குரல் கட்டளை வேண்டும், கை முழுக்கச் சாக்கும் சுணையும். முதலில் ‘அழி’. அது அலி, அளி, அடி என்று பல பிறவி எடுத்தது. அடுத்து ‘பிழை’. பாதி நேரம் ‘பிள்ளை’. கொப்பியில் கோடு இழுப்பதை வெட்டுவது என்றுதானே சொல்கிறோம் என்று ‘வெட்டு’ வைத்தேன். அது ‘எட்டு’ ஆனது. எட்டு எல்லைக்கு வெளியே என்பதால் மூடையாகப் பதியவில்லை, நல்லகாலம். ஆனால் அழிக்கவும் இல்லை. அப்போது தராசடி அண்ணை, “தம்பி, உதுக்கு விளங்குற மாதிரி கான்சல் எண்டு வையன். நாங்கள் எப்பிடியும் அதைத்தானே சொல்லுறம்” என்றார். வைத்தேன். கான்சல், கேன்சல், சில நேரம் ஆங்கில எழுத்திலேயே வரும். மூன்றையும் ஏற்கிறது. அதன் பிறகு தொல்லை இல்லை.

பதிந்த எண்ணை கணினி திருப்பிச் சொல்ல வேண்டும் என்பதும் ஒரு கட்டம். விண்டோஸில் வள்ளுவர் என்ற தமிழ்க் குரல் நிறுவக் கிடைக்கிறது. ஸ்பீச் சிந்தசிஸ் மூலம் அதைக் கதைக்க விட்டால் ஒலிபெருக்கியில் வரும் எண்ணை மைக் கேட்டு மறுபடி பதிகிறது. கதைக்கும்போது கேட்பதை நிறுத்தலாம். ஸ்டாப் கொடுத்தால் அதுவரை கேட்டதற்கு முடிவு தந்துவிட்டு நிற்கும், அபார்ட் கொடுத்தால் கேட்டதை எறிந்துவிட்டு நிற்கும். இங்கே தேவை அபார்ட்தான். ஆனால் அந்த இடைவெளியில் அண்ணை அடுத்ததைச் சொல்லிவிடுகிறார். அதனால் குரலை விட்டு, உலாவியே சத்தம் எழுப்பும் வெப் ஆடியோ வசதியில் இரண்டு சத்தம் மட்டும்: பதிந்தால் குட்டையான உயர்ந்த ‘பீப்’, ஏற்காவிட்டால் நீளமான தாழ்ந்த ‘பூம்’. பேச்சு அல்லாததால் உலாவி அதைக் கண்டுகொள்வதில்லை. எண் திரையில் உள்ளங்கை அளவில் தெரியும். பெட்டியோடு வந்தவர்களும் நின்று பார்க்கிறார்கள். வாங்குபவரின் கொப்பியை விற்பவர் எட்டிப் பார்க்க முடியாது, திரையைப் பார்க்க முடியும். இது நான் நினைத்துச் செய்ததல்ல, ஆனால் பெரிய பலன்.

செலவு என்று பார்த்தால் மைக், வயர், நெறிஞ்சு போன ஒரு செருகிக்கு மாற்று எல்லாம் சேர்த்து 3,000 ரூபாவுக்குள். மடிக்கணினி ஏற்கெனவே இருந்தது. டேட்டா வீட்டுப் பொதியிலேயே போனது.

அடுத்த சிறுபோகத்துக்கு முன் மாற்ற வேண்டியவை இருக்கின்றன. 40–85 என்ற எல்லை சணல் சாக்குக்குப் பொருத்தம். சிலர் சின்ன உரப்பையில் கொண்டு வருகிறார்கள், அதற்கு வேறு எல்லை வேண்டும். சாக்கின் நிறையைக் கழிப்பதையும் சேர்க்க வேண்டும். நீட்டு வயரில் இரண்டு தரம் கால் தடக்கியது, வயரில்லா மைக் விலை பார்த்து வைத்திருக்கிறேன். இணையம் இல்லாமல் ஓட பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் என்ற மென்பொருளைக் கணினியிலேயே நிறுவிப் பார்க்க எண்ணம், அதற்குத் தமிழ் தெரியும். எங்கள் பழைய மடிக்கணினி ஒரு எண்ணுக்கு எத்தனை விநாடி எடுக்கும் என்பதில்தான் அது தங்கியிருக்கிறது. மூடை மாற்றும் நேரத்துக்குள் முடிந்தால் வேம்பில் தொங்கும் போனைக் கழற்றலாம். சித்தப்பா இப்போது விலைக் கணக்கையும் குரலால் கேட்கிறார். அதற்கு ஒரு பெட்டியும் பொத்தானும் போதும் என்று சொல்லியிருக்கிறேன்.